ஆர்கன் ஐயாவின் எச்சில்

சர்ச் கதவைத் திறந்ததும் மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனைதான் வந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. வருஷக்கணக்கா இந்த வாசனை மேல என் மாமனாரோட வாய்நாத்தம் படிஞ்சு கிடந்துச்சே.

ஊருக்கே அவர் ஆர்கன் ஐயா. அவர் வாசிச்சா கல்லும் கரையும்பாங்க, அது பொய்யில்லை. ஆனா பக்கத்துல நின்னு இசைத்தாளைப் புரட்டினவ நான். கடைவாய்ப் பல்லு சொத்தையாகி சீழ் கோத்திருந்தும் மனுஷன் பிடுங்க மாட்டார். கிராம்பை அடக்கி வெச்சுக்குவார். நான் கொஞ்சம் பிந்தினா போதும், கட்டைவிரலை நக்கி அவரே புரட்டிடுவார். அடுத்த தடவை அந்த எச்சில் மேலதான் நான் விரல் வைக்கணும். சீ! வீட்டுக்குப் போனா சோறு இறங்காது.

ஆர்கன்ல ஒரு கட்டையைத் தொட விட்டதில்லை என்னை. "பொறுமையா இரும்மா, எனக்கப்புறம் நீதானே"ம்பார்.

அன்னிக்குச் சாயங்காலம் அவரோட நினைவு ஆராதனை. வாசிக்கப் போறது நான். இன்னிக்கு நல்லா அமைஞ்சா ஐயாவோட இடம் எனக்குத்தான்னு பாதிரியார் சொல்லியிருந்தார். எத்தனை நாள் ஆசை! கட்டைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். தாளெல்லாம் புதுசா நகல் எடுத்தேன். புரட்ட யாரும் வேணாம்னுட்டேன்.

கூட்டம் நிறைஞ்சுது. முன்வரிசையில என் வீட்டுக்காரர், மடியில அப்பா படத்தோட. ஆர்கன் ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே துருத்தி காத்தை இழுத்து மெல்ல வெளியே விட்டுச்சு.

கிராம்பு.

அதுக்கு அடியில சீழ்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். ஒவ்வொரு சுரத்துக்கும் எதிர்ல இருந்த ஆர்கன் குழாய்ங்க வெதுவெதுன்னு என் மூஞ்சியிலயே ஊதுச்சு. பின்னாடி யாரோ தேம்பினாங்க. "அப்படியே ஐயா வாசிக்கிற மாதிரியே இருக்கு."

பக்கம் முடியப் போகுது. தாளோட ஓரத்துக்குக் கையை நீட்டினேன்.

ஈரம்.

புதுத் தாள்ல, கட்டைவிரல் அகலத்துக்கு, கொழகொழன்னு. சூடு இன்னும் ஆறலை.

எழுந்து ஓடிடலாம்தான். ஓடினா அந்த இடம் போச்சு. கண்ணை இறுக்கிக்கிட்டுப் புரட்டினேன். அடுத்த பக்கம் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுது. பாட்டு அறுந்து போகப் போற நேரத்துல, என் கட்டைவிரல் தானா வாய்க்குப் போச்சு.

நாக்கு அதை நக்குச்சு.

பக்கம் புரண்டுச்சு.

கருமம், கருமம்! வாய் முழுக்க அவர்.

முடிஞ்சதும் பாதிரியார் சிரிச்ச முகமா வந்து என் கையைப் பிடிச்சார். "இனிமே இந்த இடம் உனக்குத்தாம்மா." நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். மனுஷன் ஒரு எட்டு பின்னாடி போய்க் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கிட்டார். அந்த வித்தை எனக்குத் தெரியாதா? நானே எத்தனை தடவை செஞ்சிருக்கேன்.

வெளியே தண்ணிக்குழாய்க்கு ஓடினேன். கொப்பளிச்சுக் கொப்பளிச்சுத் துப்பினேன். என் வாயில ஒரு சொத்தைப் பல்லு கிடையாது. இருந்தும் கடைவாய் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது. தண்ணியோட ஒரு கிராம்பு விழுந்துச்சு, மென்னு நைஞ்சு போனது.

பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார். என் மூஞ்சிகிட்டக் குனிஞ்சவர், நான் விட்ட மூச்சு பட்டதும் அப்படியே நின்னுட்டார். கண்ணு கலங்கிப் போச்சு.

"அப்பா வாசனை வருது உன்கிட்ட."

என் தாடையைப் பிடிச்சு ஆசையா நிமித்தினார்.

"இன்னொரு தடவை ஊதேன்."