பதினோரு மணித் தண்ணீர்

மேலே செல்போன் அடித்தது.

கீழே, ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குள், முழங்கால் தண்ணீரில் நின்ற வால்வுக்காரர் அண்ணாந்து பார்த்தார். போன் சட்டைப்பையில். சட்டை மேலே கம்பியில். ஏணியும் மேலே...

ஏணியை உருவியவன் கம்பெனி மேனேஜர்.

"சார், விளையாடாதீங்க. ஏணியப் போடுங்க."

"விரிசல்னு சொன்னதும் சடசடன்னு இறங்கிட்டியே!" மேனேஜர் கம்பியில் தொங்கிய சட்டையின் பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்தான். உள்ளே கலங்கல் தண்ணீர். "வாய்க்கால் தண்ணிய அப்படியே குழாய்ல விடறோம்னு இதக் காட்டித்தானே சொல்லப்போறே?"

"ஆமா. மதியம் நகரசபையில ஓட்டெடுப்பு. இன்னும் இருபது வருஷம் உங்க கம்பெனியா, இல்ல பழையபடி நகரசபையே நடத்துமான்னு. என் பொண்ணு அந்தத் தண்ணியக் குடிச்சுட்டுப் பத்து நாளா ஆஸ்பத்திரில கிடக்கா சார். நான் போயே ஆகணும்."

"போக மாட்டே. ஊருக்குப் போற வால்வு கால்வாசி திறந்திருக்கு. மோட்டார் தண்ணிய ஏத்திட்டே இருக்கு. அத மூடினா, அரை மணியில தொட்டி ரொம்பிடும். தவறி விழுந்துட்டார்னு கம்பெனி செலவுல பெரிய மாலையா போட்டுடறேன்."

"கன்ட்ரோல் ரூம்ல அலாரம் அடிக்கும்..."

"பகல்ல கூடுதலாத் திறந்தாத்தான் அடிக்கும். திருட்டுத்தனமா ஊருக்குத் தண்ணி விடறவனப் பிடிக்க நானே வெச்சது. மூடினா அடிக்காது."

மூடி விழுந்தது.

கும்மிருட்டு. தண்ணீர் தொடையைத் தொட்டது. வால்வுக்காரர் சுவரைத் தடவினார்; பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷம் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவர்தான். நீச்சல் மட்டும் தெரியாது. பொண்ணு முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மேலே வால்வுச் சக்கரம் கிறீச்சிட்டது.

அந்தச் சத்தம்... வால்வுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"சார், வலது பக்கம் திருப்பாதீங்க. உங்க கால்ல விழறேன்."

"கால் எட்டாதேப்பா."

பத்துச் சுற்று... இருபது... நாற்பது...

இடுப்புவரை வந்த தண்ணீர் நின்றது. தொடைக்கு இறங்கியது. முழங்காலுக்கு இறங்கியது. வால்வுக்காரர் இருட்டில் ஈரச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

"சக்கரத்துலேர்ந்து கையை எடு!"

அலாரம் கேட்டு வந்த கம்பெனியின் பறக்கும் படை. கூடவே இன்ஸ்பெக்டர். உள்ளேயிருந்து கூச்சல் கேட்டு மூடியைத் திறந்து ஏணியைப் போட்டார்கள். சொட்டச் சொட்ட ஏறி வந்தார் வால்வுக்காரர்.

"இன்ஸ்பெக்டர் சார், என்னை உள்ள இறக்கி, ஏணிய உருவி மூடினது இவர்தான். ஏன்னு அவர் பாக்கெட்டுல துருத்தற பாட்டிலே சொல்லும்."

மேனேஜர் முகம் வெளிறியிருந்தது. "நான் மூடத்தானே செஞ்சேன்..."

"இது நகரசபைக் காலத்து வால்வு சார். வலது பக்கம் திருப்பினா திறக்கும். எங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் தெரியும். என்னைத் தவிர மத்தவங்களத்தான் மூணு வருஷம் முன்னாடி நீங்க வந்த அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே."

மறுபடி போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பகல்ல சொட்டுச் சொட்டா வர்ற குழாய்ல பதினோரு மணிக்குத் தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்துது. யாரு திறந்துவிட்டா?"

"நம்ம மேனேஜர்தாம்மா. குடிச்சுடாதே, ரெண்டு குடம் பிடிச்சு மட்டும் வை. அந்த மனுஷன் மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் வேலை பார்த்திருக்காரு!"