ஆறு பேர் நாடகம்

காலை பத்து மணி வெயிலிலிருந்து அரங்கத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலே இல்லாத கட்டடம். வெளியே எந்த நேரமானாலும் உள்ளே ஒரே நேரம்தான். பழைய மெத்தை இருக்கைகளின் ஈர வாடையும் புதுப் பெயின்ட் வாடையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்தன.

முப்பத்தொரு வருடங்களுக்குப் பிறகு அவள் இங்கே வருகிறாள். அன்று யாருக்கும் தெரியாத பெண். இன்று பதினான்கு நாடகங்களை எழுதி இயக்கியவள். வீட்டு அலமாரியில் விருதுகளை வைக்க இடமில்லை. புதுப்பித்த அரங்கத்தை வெள்ளிக்கிழமை அவளுடைய முதல் நாடகத்தோடு திறக்கிறார்கள். நாடகம் முடிந்ததும் அதே மேடையில் அவளுக்கு வாழ்நாள் சாதனை விருது.

"மேடம், பார்த்து வாங்க. டேப்பை மிதிச்சிடாதீங்க."

மேடை நிர்வாகியின் குரல். கையில் வளையல் மாதிரி டேப் சுருள்களை மாட்டிக்கொண்டு திரிவதால் குழுவில் அவள் பெயர் நாடா. எந்தக் காட்சியில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாக ஒட்டிவைப்பது அவள் வேலை. ஒரு நடிகருக்கு ஒரு நிறம். ஆறு நடிகர்கள், ஆறு நிறம்.

மேடையில் ஏழு நிறம் இருந்தது.

"பச்சை யாருக்கு?"

"பச்சையா? நம்மகிட்ட பச்சை டேப்பே இல்லையே, மேடம்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஓரம் சுருண்டு, அழுக்கேறி, பலர் மிதித்துத் தேய்ந்த டேப்.

"பழைய நாடகத்துக்காரங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க," என்றாள் அவள்.

நாடா தலையைச் சொறிந்தாள். "இந்தப் பலகையே போன மாசம்தான் மேடம் போட்டாங்க."

அவள் பச்சைக் குறிகளை எண்ணினாள். நாடகத்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒன்று. கதவருகே ஒன்று. மேடையின் இடது ஓரத்தில் ஒன்று. அந்த மூன்று இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாள்.

அவை தங்கை நின்ற இடங்கள்.

அந்த நாடகத்தில் ஆறு பாத்திரங்கள் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். அவள் எழுதியது ஏழு. ஏழாவது, வீட்டின் கடைசிப் பெண். அதில் நடித்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. பத்தொன்பது வயது. அதிகம் பேசாதவள் என்பதாலேயே வீட்டில் கேலியாக 'வாயாடி' என்று கூப்பிடுவார்கள். அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, "உன் குரல் எனக்கே கேட்க மாட்டேங்குது. சனங்களுக்கு எங்க கேட்கப்போகுது?" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அவளை நீக்கினாள். திருத்தி எழுத நேரமில்லை. மற்றவர்களிடம், "அவ வசனம் வர்ற இடத்துல மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு நில்லுங்க. அப்புறம் உங்க வசனத்தைச் சொல்லுங்க," என்றாள்.

அவர்கள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள். இந்த மௌனங்களை எழுத எத்தனை துணிச்சல் வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. முதல் விருது வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதிய எல்லா நாடகங்களும் அந்த மௌனத்தின் பிள்ளைகள்தான். மௌனத்தைப் பற்றி வெளியூர்க் கல்லூரிகளில்கூடப் பேசியிருக்கிறாள்.

அரங்கேற்றத்தன்று மாலை தங்கை வீட்டு உடையிலேயே திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். முதல் கைதட்டல் எழுந்தபோது பின்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை.

மூலப் பிரதியை எழுதிய அவளே அதை அடுப்பில் போட்டு எரித்தாள். அன்று நடித்தவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. ஆக, யாருக்கோ எப்படியோ தெரிந்திருக்கிறது. விருது மேடையில் வைத்துத் தன்னை நாறடிக்க யாரோ திட்டம் போடுகிறார்கள்.

நாடாவா? கேள்வி மேல் கேள்வி கேட்கிற பெண். அல்லது விளக்குப் பொறுப்பில் இருக்கும் தன் கணவரா? தங்கை காணாமல் போய் ஐந்து வருடம் கழித்துதான் அவர் இவளைக் கட்டிக்கொண்டார். ஆனாலும் கடைசியாக அரங்கத்தைப் பூட்டுகிறவர் அவர்தான். வீட்டில் அவர் குளிக்கும் நேரம் பார்த்து அவர் பையைக் குடைந்தாள். ஒரு ஸ்க்ரூடிரைவர், இருமல் மிட்டாய் காகிதங்கள், ஒற்றைக் காலுறை.

"என்னத்தம்மா தேடுற? காதல் கடிதமா?" தலை துவட்டிக்கொண்டே சிரித்தார். "அந்த வயசெல்லாம் போச்சு. முட்டிக்குத் தைலம் இருக்கு, வேணுமா?"

அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பச்சைக் குறிகளைத் தன் நகத்தாலேயே பிய்த்தெடுத்தாள். நாடாவிடமிருந்த டேப் சுருள்களையெல்லாம் வாங்கித் தன் பைக்குள் பூட்டினாள். அரங்கச் சாவியையும் கணவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை அவளே கதவைத் திறந்தாள்.

பச்சைக் குறிகள் இருந்தன.

அதே அழுக்கு, அதே தேய்மானம். ஒன்று மட்டும் புதிது. மேடைக்குக் கீழே, இயக்குநர் நாற்காலிக்கு இடப்பக்கம், ஒரு கை தூரத்தில்.

அன்றைய ஒத்திகையில் அப்பா வேடம் போடுகிற பெரியவர் ஒரு மௌனத்தை இழுத்துக்கொண்டே போனார். அவள் கைதட்டி நிறுத்தினாள்.

"ஐயா, எட்டு எண்ணிக்கைதான். இருபதுக்கு நிக்கிறீங்க."

"எண்ணலம்மா." பெரியவர் முகத்தில் நிஜமான குழப்பம். "அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும்னு பார்த்தேன்."

"எந்தப் பொண்ணு?"

"நீங்க புதுசா போட்டிருக்கீங்களே. மெல்லிசா பேசுது, ஆனா நல்லாப் பேசுது." மற்றவர்களைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. அம்மா வேடக்காரி மட்டும் தயங்கி, "நேத்துலேர்ந்து வருதே, மேடம்," என்றாள்.

எல்லாரும் சேர்ந்து நடிக்கிறார்கள். நடிப்பதுதானே இவர்கள் பிழைப்பு. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் தன் நாற்காலியைப் பச்சைக் குறியிலிருந்து வலப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை, முப்பத்தொரு வருடங்களாக ஊரே கொண்டாடிய மௌனங்களை அவளே வெட்டினாள். "ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் உடனே பேசணும். மூச்சுவிடக்கூட இடம் இருக்கக் கூடாது."

"அப்புறம் இது உங்க நாடகமே இல்லையே, மேடம்?" என்றாள் நாடா.

"சொன்னதைச் செய்."

மௌனங்களோடு நாடகம் தொண்ணூற்றிரண்டு நிமிடம். அவை இல்லாமல் எண்பதைத் தாண்டக் கூடாது. நடிகர்கள் வசனங்களைக் கடகடவென்று கொட்டினார்கள். ஒரு இடத்திலும் யாரும் நிற்கவில்லை. அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நாடா ஸ்டாப்வாட்சைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"தொண்ணூத்திரண்டு."

வெள்ளிக்கிழமை மாலை அரங்கம் நிறைந்திருந்தது. அவள் பக்கத்திரைக்குப் பின்னால், தூசி மணக்கும் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் காட்சி போயிற்று. இரண்டாம் காட்சியில் அப்பா கோபமாக ஒரு கேள்வி கேட்டார். அம்மா அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

சனங்கள் குபீரென்று சிரித்தார்கள்.

சிரிக்க அங்கே ஒன்றுமில்லை. அவளுக்கு மட்டும் தெரியும், ஒரு காலத்தில் இருந்தது. கடைசிப் பெண் சொல்லும் ஒரு குறும்பு வரி. அதை அவள் எழுதினாள், அவளே எரித்தாள்.

அதன் பிறகு மேடையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருக்கைகளைப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான முகங்கள் அவ்வப்போது ஒன்றாக இடது ஓரத்துக்குத் திரும்பின, கேட்டன, மீண்டன.

விருது கனமாக இருந்தது. கண்கள் கூசும் வெளிச்சத்தில் ஒலிவாங்கி முன் நின்று, நூறு முறை சொல்லிப் பழகிய வாக்கியத்தைத் தொடங்கினாள்.

"எல்லாரும் என் மௌனங்களைப் பத்திக் கேட்கிறாங்க. அதெல்லாம் என் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது..."

மூச்செடுக்க நிறுத்தினாள்.

அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தபோது யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளும் திரும்பினாள். வெறும் பலகை. கூரையில் மின்விசிறியின் இரைச்சல். வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நாடாவின் கையிலிருந்த காகிதங்கள் நழுவி விழுந்தன; அவள் எடுக்கவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். யாரோ மெல்ல, நெடுநேரம், ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு அரங்கமே கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு எல்லா முகங்களும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

ஒருவரும் கைதட்டவில்லை.

இருக்கைகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம். கூட்டம் பேசாமல் வெளியேறியது. கணவர் விளக்கு மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "இத்தனை வருஷத்துல எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"என்ன சொன்னா?" அவர் சட்டையைப் பிடித்தாள். "என்னங்க, எனக்கு ஒண்ணும் கேட்கலைங்க. பின்கதவு வழியா எங்க போனாளாம்? அவ என்ன சொன்னா?"

அவர் வாய் திறந்தார். யாரோ குறுக்கே பேசியதுபோல் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவளுடைய இடது தோளுக்கு அருகே, ஒரு இளம்பெண்ணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், அவர் பார்வை போய் நின்றது. மரியாதையாகத் தலையசைத்தார்.

"சரிம்மா," என்றார் அந்த இடத்தைப் பார்த்து. "நீயே சொல்லு."