கண் வரைந்த ரப்பர் மூடி

பெட்டி காலையிலேயே காரில் ஏறிவிட்டது. கார்தான் கிளம்ப மறுத்தது.

அவளுக்குப் பதினொரு வயது. தொலைவில் ஓர் ஊரில், விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்துக் காத்திருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். அந்த ஊருக்கு இருந்த ஒரே பஸ் விடியற்காலையிலேயே போய்விட்டது.

அப்பா தையல்காரர். வீட்டுக் காரையும் அவரேதான் பார்த்துக்கொள்வார். அவளைவிட மூத்த கார் அது. இன்று சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல உறுமியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உடம்பெல்லாம் நடுங்கி அடங்கிப்போனது. மறுபடியும் அப்படியே. மறுபடியும்.

அப்பா பக்கத்து வீட்டு டிரைவர் மாமாவைக் கூட்டி வந்தார். மாமா திறந்திருந்த பானட்டுக்கு முன்னால் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"பெரியவருக்கு என்ன கோபம்?" என்று காரைக் காட்டிக் கேட்டார்.

"தெரியலையே. நேத்து வரைக்கும் சிரிச்சுப் பேசிட்டுதான் இருந்தார்" என்றார் அப்பா.

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்தால்தான் இன்ஜின் நின்ற இடத்தில் நிதானமாக ஓடும். கலந்துவிடுவது கார்புரேட்டரின் வேலை. அளவைத் திருத்த அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அப்பா அதை உள்ளே முறுக்கினார், வெளியே தளர்த்தினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜின் ஒரே மாதிரிதான் நடுங்கியது.

மாமா கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். நடுக்கம் குறைந்தது. கையை எடுத்தார். இன்ஜின் திணறி நின்றது.

"காத்து அதிகமாப் போகுது. வேற எங்கேயோ ஓட்டை இருக்கு. அது அடைபடற வரைக்கும் திருகு பேச்சைக் கேட்காது."

இருவரும் குழாய்களைத் தடவிப் பார்த்தார்கள். நட்டுகளை இறுக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கார்புரேட்டரையே கழற்றித்தான் பார்க்க வேண்டும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு, மாமா கருவிகளை எடுத்துவரப் போனார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். கையைத் துணியால் துடைத்தார். அழுக்கு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவளுக்குள் காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. போக வேண்டாம். அப்படி நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இன்ஜின் பக்கம் குனிந்தாள்.

உள்ளே எல்லாமே எண்ணெயும் புழுதியும் படிந்து கறுத்திருந்தன. கார்புரேட்டருக்குக் கீழே, நிழலில், விரல் நுனி அளவில் ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனை மட்டும் பளிச்சென்று மின்னியது. உயரமானவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. குனிந்த அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

இத்தனை அழுக்குக்கு நடுவில் அது மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது? இதுவரை எதுவோ அதை மூடியிருந்திருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பானட்டைத் திறந்தாலே முக்காலியைப் போட்டு ஏறிக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்கும் தம்பியைக் காலையிலிருந்து காணவில்லை.

குண்டூசி என்று வீட்டில் எல்லாரும் கூப்பிடும் அந்த ஆறு வயதுக்காரன், கொல்லைப்புறப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி, தொப்பி மாதிரி. அதில் அப்பாவின் தையல் சாக்பீஸால் இரண்டு கண்கள் வரைந்திருந்தான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்ப எடுத்தே?"

"நேத்து அப்பா காருக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள போனப்ப. எல்லாத்தையும் இழுத்துப் பார்த்தேன். இதுதான் வந்துச்சு."

"எதுக்குடா?"

"கார் போகக் கூடாதுன்னு."

அவள் அந்தச் சாக்பீஸ் கண்களைப் பார்த்தாள். இந்த விஷயம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்துவிட்டால் போதும்.

"எனக்கும் போகப் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப போகாதேக்கா."

"போகணும்னும் இருக்கு."

"ரெண்டும் எப்படி இருக்கும்?"

"இருக்குடா" என்றாள்.

உள்ளே அம்மா வழிக்கான சாப்பாட்டைக் கட்டும் சத்தம் கேட்டது. குண்டூசி மூடியை விரலிலிருந்து மெல்லக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீயே போடு. அந்த இடத்துக்கு உன் கைதான் போகும். வா, நானும் வர்றேன்."

அப்பாவிடம் அவள் அதிகம் சொல்லவில்லை. அடியில் ஒரு குழாய் திறந்து கிடக்கிறது, தம்பியிடம் அதற்கு மூடி இருக்கிறது என்றாள். அப்பா மூடியைப் பார்த்தார். அதில் இருந்த தம் தையல் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அப்பா முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவனைத் தூக்கி ஏற்றினார். இன்ஜின் அணைந்துதான் இருந்தது. சின்னக் கை உள்ளே போனது, மூடியை அழுத்தியது.

அப்பா சாவியைத் திருப்பினார். லேசான நடுக்கம்தான் இருந்தது. திருகைக் கொஞ்சம் திருப்பினார். இந்தமுறை அது பேச்சைக் கேட்டது. நடுக்கம் தேய்ந்து தேய்ந்து, கார் அமைதியாக ஓடியது.

கருவிப் பெட்டியோடு வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். "பெரியவர் சமாதானம் ஆயிட்டாரே. யார் பேசினது?"

"சின்னவர்" என்றார் அப்பா.

வழியெல்லாம் குண்டூசி அவள் தோளில் சாய்ந்தே வந்தான். ரயில்வே கேட்டில் கார் நீண்ட நேரம் நின்றது. இன்ஜின் அணையவில்லை. இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாலை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளி வாசலில் பெட்டி இறங்கியது. அம்மா அவள் தலையைத் தடவினாள். குண்டூசி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"லீவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றப்ப, கிளம்பறதுக்கு முன்னாடி மூடியை நான்தான் பார்ப்பேன். அப்பா சொல்லிட்டார்."

"கண்ணு அழிஞ்சிருந்தா?"

"திரும்ப வரைவேன்."

கார் போனது. தெரு முனையில் திரும்புவதற்காக ஒரு கணம் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நடுக்கம் இல்லை. சீராக ஓடியது.

அதன் பிறகுதான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.