கொலுவில் செத்த பவளம்

“நான் விஷம் வைக்கலம்மா!” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள் வீராயி.

எண்பத்தாறாம் வருஷத்து நவராத்திரி. தில்லி ஜங்க்புராவில் தமிழர் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள் அவள். குடியிருப்பு பக்கத்து மதராசி கேம்ப் குடிசையில். வந்து உட்கார்ந்தது, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் இந்திராணியின் வீட்டு வாசலில். காணாமல் போன நகையோ மொட்டைக் கடிதமோ, அக்கம்பக்கத்தார் இந்திராணியிடம்தான் வருவார்கள். அவளும் அலட்டிக்கொள்ளாமல் துப்புத் துலக்கித் தருவாள்.

சங்கதி இதுதான். ஜெயலட்சுமியின் வீட்டில் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளங்கள் இருந்தன. அந்தமானில் கடற்படையில் இருக்கும் தம்பி கொண்டுவந்தவை. அவற்றில் ஒன்று செத்துக்கொண்டிருந்தது. கொலுவுக்காகத் தொட்டியைத் துடைத்த வீராயிதான் சோப்புத் தண்ணீரை உள்ளே விட்டாள் என்று ஜெயலட்சுமி முடிவுகட்டிவிட்டாள். தாம்பூலம் வாங்க வந்த மாமிகளிடமெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

“வேணும்னே விஷம் வச்சேன்னு பேச்சு வளந்துடுச்சும்மா. எல்லா வீட்லயும் வராதேன்னுட்டாங்க. எங்க வீட்ல அடுப்பு எரிய வேணாமா?”

“விஷமா! அண்ணி, ஜல்தி கிளம்புங்க,” என்று செருப்பை மாட்டினாள் நாத்தனார் சாந்தகுமாரி. துப்பு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஜெயலட்சுமி வீட்டில் கொலுப்படிக்குப் பக்கத்திலேயே தொட்டி. மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஓர் இறால் மீசையை ஆட்டியபடி கல்மேல் நடந்தது. நடுவில் அக்கம்பக்கமாக இரண்டு பவளங்கள். வலப்பக்கத்தது விரல் விரலாக விரிந்து அலைந்தது. இடப்பக்கத்ததில் பாதி வெறும் வெள்ளைக் கல். மீதிப் பாதியில் சில விரல்கள் மட்டும் சோர்ந்து நீண்டிருந்தன. மூலைப் பாறை முழுக்கப் பாசி, ஓரிடத்தில் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று இருந்தது.

“அவர்தான் அண்ணி,” என்று காதைக் கடித்தாள் சாந்தகுமாரி. செய்தித்தாளும் கையுமாக இருந்த ஜெயலட்சுமியின் கணவர் பாலசுப்ரமணியத்தைக் கண்ணால் காட்டினாள். “மச்சினன் கொடுத்ததுன்னு எரிச்சல்.”

“சும்மா இரு.” இந்திராணி ஜெயலட்சுமியிடம் திரும்பினாள். “இந்த ரெண்டும் ஒரே ஜாதியா?”

“பின்னே? வந்தப்ப ரெண்டும் சுருங்கி இருந்தது. கல்லைப் பார்த்தா அச்சு அசல் ஒண்ணுதான். மரப்பாச்சி மாதிரி ஜோடி.”

“அச்சா. வீராயி, உள்ளே வா. சார், நீங்களும் வாங்க.”

எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். வீராயி மட்டும் முந்தானையைக் கசக்கிக்கொண்டு எட்டவே நின்றாள்.

“சோப்புத் தண்ணி பட்டிருந்தா முதல்ல போறது இந்த இறால். அது கொலு பார்க்க வந்த மாதிரி உலாத்துது. சாந்தா, எந்தப் பக்கம் செத்திருக்கு பாரு.”

“வலது பக்கம். அந்தப் பவளத்தைப் பார்த்த பக்கம்!”

“தண்ணியில கலந்த விஷம் ஒரு பக்கமா பார்த்துக் கொல்லுமா? இப்ப விரல் நுனியைப் பாருங்க. சாகிற இதுக்குச் சுத்தியல் தலை மாதிரி அகலம். அதுக்கு உருண்டை மணி. கல்லு ஒண்ணு போல இருந்தாலும் ஜாதி வேற. உருண்டை நுனிக்காரி பொல்லாதவ. கைக்கெட்டுற தூரத்துல இது மாதிரி ஒண்ணு இருந்தா கொட்டியே கொன்னுடுவா. அந்தப் பளிச்சுன்னு இருக்கிற வட்டத்துலதானே அவ முன்னே இருந்தா? யார் நகர்த்தினது?”

ஜெயலட்சுமி மென்று விழுங்கினாள். “கொலுவுக்கு ஜோடியா இருந்தா அழகா இருக்குமேன்னு... நான்தான்.”

பாலசுப்ரமணியம் பதறிப்போய்ச் சட்டைக் கையை மடித்தார்; உருண்டை நுனிக்காரியைப் பழைய மூலைக்கே கொண்டுபோய் வைத்தார். வீராயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

“அழாதேடி. நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடு,” என்றாள் ஜெயலட்சுமி.

வீராயி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வரேம்மா. ஆனா வீடு வீடாப் போன பேச்சு நான் வேலைக்கு வந்தாத் திரும்பிடுமா? நீங்கதான் சொன்னீங்க. நீங்கதான் வந்து சொல்லணும்.”

“ஏண்டி, நான் போயா?”

வீராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

அன்று சாயங்காலமே, கட்டியிருந்த பட்டுப்புடவையோடு ஜெயலட்சுமி தெருவில் இறங்கினாள். முதல் வீட்டு மணியை அடித்தவள் வீராயி. “வாங்கோ, வாங்கோ! தாம்பூலம் எடுத்துக்கோங்கோ,” என்று கதவைத் திறந்தாள் மாமி.

“தாம்பூலத்துக்கு வரலை மாமி,” என்றாள் ஜெயலட்சுமி. “வீராயி மேல அபாண்டமாப் பழி போட்டேன். அதைச் சொல்ல வந்தேன்.”