எர்சீலியாவின் ஒரே இசைத்தட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவாம்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது குகனேஸ்வரி வந்தாள். கதவைத் திறந்தவர் சுவாம்பிள்ளையின் மனைவியின் தம்பி எமிலியானுஸ். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். துப்பறியும் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்த்து, பலெர்மோவின் குற்றங்களையெல்லாம் தானே பிடிக்கப்போவதாக நம்புகிறவர். அழுத கண்ணோடு ஒரு பெண் வாசலில் நிற்பதைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் பொங்கியது. வெட்கம் கெட்ட மனுஷன் என்றுதான் சொல்லவேண்டும்.

சுவாம்பிள்ளை அப்படியல்ல. மன்னாரிலிருந்து வந்து முப்பது வருஷமாக, செத்தவர்களின் வீடுகளைக் காலிசெய்து வுச்சீரியாச் சந்தையிலுள்ள பழைய சாமான் கடைக்கு ஏற்றிக் கொடுப்பது அவர் வேலை. இந்த ஊர்க் கிழவிகள் எதை எங்கே ஒளிப்பார்கள் என்பது அவர்களுடைய பிள்ளைகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே எங்கள் தமிழ்ச் சனத்தில் ஏதாவது காணாமற்போனால் முதலில் அவரிடம்தான் ஓடுவார்கள்.

"இருந்து சொல்லு பிள்ளை" என்றார் அவர்.

"சினியோராவின்ரை இசைத்தட்டு ஒண்டைக் காணேல்லை அண்ணை. நான் எடுத்தனானாம். திங்கக்கிழமை காலமைக்குள்ளை திருப்பிக் குடுக்காட்டில், அவவின்ரை தங்கச்சி மோன் தூலியோ குவெஸ்தூராவிலை, பொலிசிட்டை, எழுதிக் குடுப்பாராம். இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. களவெண்டு ஒரு வரி ஏறினால் அதோடை என்ரை கதை முடிஞ்சுது."

கிளிநொச்சிக்காரியான குகனேஸ்வரி ஏழு வருஷமாக, பலெர்மோவின் சீசாப் பகுதியில், சினியோரா எர்சீலியாவின் வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரிக்கிறாள். சினியோராவுக்குத் தொண்ணூற்றேழு வயது. போர் முடிந்த காலத்தில், ஸ்விங் இசைக்கு ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது, பதினான்கு பேர் கொண்ட பெரிய வாத்தியக்குழு ஒன்றில் பாடியவர். அந்தக் குழு பதிந்த ஒரேயொரு இசைத்தட்டின் ஒரே பிரதி அவரிடம் இருந்தது. தெருவே அவரைப் பாடகி என்றுதான் அழைக்கும். திங்கட்கிழமை ஒரு வானொலிக்காரர் வந்து அந்தத் தட்டைப் போட்டு ஒலிபரப்புவதாகத் தூலியோ ஏற்பாடு செய்திருந்தார்.

"கடைசியா எப்ப கண்டனீ?"

"புதன்கிழமை தூசி தட்டேக்கை. தகரப்பெட்டிக்குள்ளை உறையோடை கிடந்தது. இண்டைக்குக் காலமை தூலியோ திறந்தால் வெறும் உறைதான்."

"வியாழன்?"

"வியாழன் பின்னேரம் எங்களுக்கெல்லாம் லீவுதானே அண்ணை. தூலியோ வந்து இருந்தவர். இருந்ததெண்டால் ரீவி பாத்தவர். நான் ஏழு மணிக்கு வந்தால் பல்கனியெல்லாம் மண். பக்கத்து வீட்டுப் பூனையாக்குமெண்டு கூட்டிக் கழுவிப்போட்டன். சினியோராவின்ரை நகமெல்லாம் ஊத்தை. அதையும் வெட்டி, குளிப்பாட்டிப் படுக்க விட்டன்."

"அந்தத் தட்டை நீ கேட்டிருக்கிறியோ?"

"ஒருநாளும் இல்லை. மற்றத் தட்டுகளை ஒவ்வொரு நாளும் போடுவா. இதைக் கேட்டால் மட்டும் ஊசி சரியில்லை எண்டுவா."

எமிலியானுசால் பொறுக்க முடியவில்லை. "ஆள் தூலியோதான் அத்தான்! வித்துப்போட்டு இந்தப் பிள்ளையின்ரை தலையிலை கட்டுறார்."

"வானொலிக்காரரைக் கூப்பிட்டதே அவர்தானே. கூப்பிட்டவர் ஏன் ஒளிக்கிறார்?" என்று கேட்டுவிட்டுச் சுவாம்பிள்ளை சப்பாத்தைத் தேடினார்.

சினியோராவின் நாலாம் மாடி வீட்டில் தூலியோ அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். அறுபத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை. கெட்ட மனுஷன் இல்லை. பெரியம்மாவின் பெருமையைத் தன் பெருமையாகவே நினைத்து வளர்ந்தவர். நடையில் மாட்டியிருந்த பழைய படத்தின் முன் அவர்களை நிறுத்தினார். வாத்தியங்களோடு பதினான்கு ஆண்கள். முன்னால் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், நாற்காலிகளில் இரண்டு இளம்பெண்கள். ஒலிவாங்கி வலதுபக்கப் பெண்ணின் முன்னால் நின்றது. இடதுபக்கத்தில் எர்சீலியா, தாளத்துக்கு ஆட்டும் இரண்டு கிலுக்குகளைக் கைக்கொன்றாகப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"தட்டை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?" என்று சுவாம்பிள்ளை இத்தாலிய மொழியில் கேட்டார்.

"சின்ன வயதில் எத்தனையோ தடவை! ஊசியை வைத்தவுடனேயே பெரியம்மாவின் குரல் வரும். வாத்தியமெல்லாம் பிறகுதான்."

"அப்படியா" என்றார் சுவாம்பிள்ளை.

பல்கனியில் நாலு துளசிச் சட்டிகள் வரிசையாக இருந்தன. இத்தாலியர் சமையலுக்கு வளர்க்கும் துளசி. மூன்று செழித்து நின்றன. நாலாவது, மண் ஈரமாக இருந்தும், துவண்டு கிடந்தது. பக்கத்தில் சினியோரா நாற்காலியில் இருந்தார். சுவாம்பிள்ளை மற்றவர்களைக் கோப்பி போட அனுப்பிவிட்டு, வாடிய செடியை மண்ணோடு மெதுவாகத் தூக்கினார். சட்டியின் அடியில் கறுப்பாக, பளபளவென்று துண்டுகள் கிடந்தன.

"நீங்கள் போலீஸா?" என்று சினியோரா கேட்டார்.

"இல்லை. செத்தவர்களின் வீடுகளைக் காலிசெய்கிறவன்."

"அப்படியானால் கொஞ்சம் முந்தி வந்துவிட்டீர்கள்."

சுவாம்பிள்ளை சிரித்தார். சினியோரா சிரிக்கவில்லை. குகனேஸ்வரியின் மேல் களவுப்பழி விழுந்திருப்பதைச் சுவாம்பிள்ளை சொன்னதும் கிழவியின் முகம் வெளிறிவிட்டது. அந்த விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது.

"படத்திலுள்ள அந்த நாற்காலியில் இரண்டு வருஷம் இருந்தேன்" என்றார் சினியோரா. "மற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பாடுவேன். மொத்தம் பதினொரு தடவை. தட்டுப் பதிந்த அன்று அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. அவள் கல்யாணம் கட்டி அமெரிக்காவுக்குப் போனாள், தட்டு என்னிடம் வந்தது. நீதானே பாடினாய் என்று யாரோ கேட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காமலே கிழவியாகிவிட்டேன். திங்கட்கிழமை ஊர் முழுக்க அவள் குரலைக் கேட்டு என்னைப் பாராட்டியிருக்கும். அதை என்னால் தாங்க முடியாது. உடைத்ததை மட்டும் சொல்லுங்கள். ஏன் உடைத்தேன் என்று சொல்லாதீர்கள்."

சுவாம்பிள்ளை தலையாட்டினார். அங்கேதான் அவர் பிழை விட்டார்.

எல்லாரும் முன்கூடத்தில் இருந்தபோது அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். "இங்கே பூச்சட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போடுவார்கள். பிடுங்கி நட்ட செடி இரண்டொரு நாள் வாடும். வியாழன் பின்னேரம் பல்கனியில் மண், சினியோராவின் நகத்தில் அழுக்கு. இந்தப் பெண் வேலையில் கெட்டிக்காரி. தன்னைக் காப்பாற்றக்கூடிய சாட்சியையெல்லாம் தன் கையாலேயே கூட்டிக் கழுவிவிட்டாள். அந்தக் காலத்துத் தட்டுகள் பீங்கான் கோப்பை மாதிரி உடையும். கை தவறி விழுந்திருக்கிறது. பயத்தில் சினியோரா ஒளித்துவிட்டார்."

எமிலியானுஸ் கை தட்டாத குறை. குகனேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தூலியோ எழுந்து வந்து குகனேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டார். மனதாரத்தான் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த நிலை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தட்டை உடைத்து மண்ணில் புதைக்கிறவர் நாளைக்குக் காஸைத் திறந்துவிட்டால்? இனி வீட்டில் வைத்திருக்க முடியாது. நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் ஏற்கனவே கேட்டு வைத்திருக்கிறேன். வானொலிக்காரரையும் வரவேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கூட்டிப் போகலாம்."

"நான் தெரிந்துதான் உடைத்தேன்!" என்று சினியோரா நாற்காலிப் பிடியில் அடித்தார். "எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. அதில் பாடியது நானில்லை, தூலியோ. நான் கிலுக்குத்தான் ஆட்டினேன்."

தூலியோ பெரியம்மாவின் கையை எடுத்துத் தடவிக்கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"பார்த்தீர்களா," என்றார் மற்றவர்களிடம் தணிந்த குரலில். "தான் பாடகி என்பதையே மறந்துவிட்டார்."

சுவாம்பிள்ளை அவசரமாக எழுந்தார். "இல்லை ஐயா, அவர் சொல்வது உண்மை. படத்தைப் பாருங்கள். ஒலிவாங்கி மற்றப் பெண்ணின் முன்னால் நிற்கிறது. அந்தக் காலத்துக் குழுக்களில் பாடாத பெண்ணைச் சும்மா இருக்க விடாமல் கையில் கிலுக்கைக் கொடுத்து வைப்பார்கள்."

"பாடி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்தவள் பாடப்போகிறாள். படத்தில் வேறென்ன இருக்கிறது?"

அது சரியென்று சுவாம்பிள்ளைக்கும் தெரியும். பாடகிகள் பாடிவிட்டுத் திரும்ப உட்காருவது அந்தக் காலத்து வழக்கம்தான்.

"அந்தத் தட்டை நீங்கள் கேட்டதேயில்லை, ஐயா. அப்படிப்பட்ட குழுக்களின் நூற்றுக்கணக்கான தட்டுகளை நான் காலிசெய்த வீடுகளில் கேட்டிருக்கிறேன். முதலில் குழு ஒரு முழுச் சுற்று வாசிக்கும். பாடகி நடுவில்தான் எழுந்து பாடுவார். ஊசி வைத்தவுடன் குரல் வராது."

"இந்தக் காதால் கேட்டேன்" என்றார் தூலியோ. அவர் பொய் சொல்லவில்லை. அறுபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். "வேண்டுமென்றால் போட்டுக் காட்டுங்கள்."

போட்டுக் காட்டத் தட்டு இல்லை. சினியோரா சொன்னதற்கு உலகத்தில் ஒரேயொரு அத்தாட்சி இருந்தது, அதைச் சினியோராவே உடைத்திருந்தார். துண்டுகளை ஒட்டவைக்கலாமா என்று எமிலியானுஸ் மெல்லக் கேட்டார். அந்தக் கூடத்தில் சுவாம்பிள்ளையைப்போல் கையாலாகாமல் நின்ற மனுஷன் வேறு யாருமில்லை. உண்மை முழுக்க அவர் கையில் இருந்தது. யாருக்கும் அது உதவவில்லை.

குகனேஸ்வரி படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள்.

"களவெண்டு எழுதமாட்டினமே அண்ணை?"

"எழுதமாட்டினம் பிள்ளை. அதுக்குப் பயப்பிடாதை."

"வேலை இல்லையெண்டால் பெர்மெசோவுக்கு எந்தக் கடுதாசியைக் காட்டுறது? திங்கக்கிழமைக்குப் பிறகு நான் எங்கை படுக்கிறது?"

"எங்கடை வீட்டை வந்திரு. வேறை இடம் கேட்டுப் பாப்பம்."

"அந்த இல்லத்திலை அவவை ஆர் அண்ணை பாக்கிறது? புது ஆக்கள் சாப்பாடு தீத்தினால் வாய் திறக்கமாட்டா."

உள்ளேயிருந்து சினியோராவின் குரல் கேட்டது. "கூகா! கூகா!" ஐந்து மணி மருந்துக்கு நேரமாகியிருந்தது. குகனேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாறன் சினியோரா என்று தமிழிலேயே சொல்லியபடி உள்ளே ஓடினாள்.