கால் எட்டாத பெடல்கள்

பெடல்கள் மூன்றும் மறுபடியும் தள்ளிப்போயிருந்தன. நேற்று மாலைதான் கிளெனிஸ் வண்டிக்குள் தலைகீழாகத் தொங்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, தன் கால் எட்டும்படி அவற்றைப் பூட்டும் துளை வரிசையில் மூன்று துளை பின்னால் இழுத்து முடுக்கியிருந்தாள். இப்போது பழைய துளையில் இருக்கின்றன. நெவிலின் கால் நீளத்துக்கு.

அவள் கணவன் நெவில் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. கோவென்ட்ரி நகரத்து வீட்டின் அந்தக் குறுகலான கராஜில்தான் பதினோரு வருஷம் குடியிருந்தான். பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளைக் கோர்த்து ஒரு கார். ஐம்பதுகளின் பந்தயக் கார் போலக் கூரையில்லாமல், கரும்பச்சையில். கிளெனிஸ் தொழிற்பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவள். ஒரு திருகைத் தொட விட்டானா? ஒருநாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். "எழுந்திரு, உன் இடம் அந்தப் பக்கம்" என்று அக்கம்பக்கத்தார் முன்னால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இறக்கினான். அன்று பட்ட அவமானம் இன்னும் எரிகிறது. வண்டியை முடித்து, தானே ஓட்டி, கடல்வரை போய்விட்டு வராமல் ஓய்வதில்லை என்பது அவள் வைராக்கியம்.

"கராஜ் சாவி உங்கிட்ட இருக்கா இல்லையா? நேரா சொல்லு டெரிக்."

நெவிலின் தம்பி டெரிக் டீக் கோப்பையோடு கராஜ் வாசலிலேயே நின்றான். "போன வாரந்தான் பூட்டையே மாத்திட்டியே கிளென். எங்கிட்ட எப்பிடி இருக்கும்?"

"அப்ப பெடலு கால் மொளைச்சு நடந்துச்சா?"

"அவன் வண்டிய வித்துத் தொலைன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

"அவன் வண்டியா? பிரேக் குழாய் பூரா யாருடா போட்டது? உங்கண்ணன் கல்லறையிலேருந்து எழுந்து வந்து போட்டானா?"

டெரிக் டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெடல்களை மறுபடி இழுத்துப் பூட்டினாள், இறுக முடுக்கினாள். பிறகு இருக்கை வேலை. நெவில் தன் உடம்புக்கு அச்செடுத்துச் செய்திருந்ததை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டாயிற்று. இனி அவளுக்கான அச்சு. கெட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, அதன் மேல் உட்கார வேண்டும். நுரை பொங்கி உடம்பைச் சுற்றி ஏறி, கால் மணி நேரத்தில் இறுகும். அதுவரை இம்மியும் அசையக் கூடாது.

வண்டியின் ஓட்டுநர் பக்கம் சுவரை ஒட்டி நின்றது. பயணி பக்கமாக ஏறித் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நாளைக்கென்று இன்னொரு பையை வெறுமையாக விரித்திருந்தாள். அதற்கான திரவ டப்பாக்கள் திறக்காமல் அலமாரியில் இருந்தன.

கலந்து ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, இனிப்பும் காரமுமான ஒரு மருந்து வாடை மூக்கில் ஏற, இடுப்பைச் சுற்றி இளஞ்சூடாக நுரை எழும்பி வந்தபோது, பல வருஷங்களுக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால்.

இடது காலுக்கடியில் கிளட்ச் நகர்ந்தது.

அழுத்தவில்லை அவள். உலோகம் உலோகத்தில் உராயும் மெல்லிய ஓசையோடு, ஒரு துளை முன்னால் போயிற்று. நின்றது. இன்னொரு துளை.

"தள்ளுடா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாத் தள்ளு. நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவளுக்குப் பயமாக இருந்தது. பயப்படுகிறோமே என்று கோபம் இன்னும் ஏறியது. இரண்டு ஐம்பது. மூன்றாவது துளை. பாதத்துக்கடியில் இப்போது வெறும் காற்று. முதுகில் பட்டது நுரை இல்லை என்று தோன்றியது. நுரைக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ இருந்தது. தொடைகளுக்கடியில் கடினமாக இரண்டு. முழங்கால்கள் போல. பிடரியில் சூடான மூச்சு.

எழுந்திருக்கலாம். எழுந்தால் அவன் ஜெயித்தான்.

எழவில்லை. நிமிஷங்களை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. மணி மூன்று.

பட்டென்று எழுந்து திரும்பிப் பார்த்தாள். இறுகிய பள்ளம் அவளுடையதல்ல. அகலமான முதுகு. தடித்த தொடைகள். ஆறடி ஆளின் அச்சு.

தாவினாள். வெளியே போக வேண்டும். பயணி பக்கத்து வெறும் பையில் முழங்கால் ஊன்றியது. சூடு. பை பொங்கிக்கொண்டிருந்தது. காலை இழுத்தாள். வரவில்லை. மற்ற காலும் உள்ளே போயிற்று. நுரை சுற்றிக்கொண்டு ஏறியது. சின்ன இடுப்பு, சின்னத் தோள், அவள் அளவு அச்சொட்டாக. அலமாரியில் டப்பாக்கள் திறக்காமல் இருந்தன.

"டெரிக்! டெரிக்!"

மழை.

நுரை விலாவரை இறுகியது. கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், பள்ளத்தின் பிளாஸ்டிக் மெல்ல அமுங்கியது. பெரிய உடம்பு ஒன்று சாவகாசமாகச் சாய்வதுபோல, மடிப்பு மடிப்பாக.

கிளட்ச் தரைவரை இறங்கியது. கியர் கம்பி முதல் கியருக்கு நகர்ந்தது.