பிளோங் மாமாவும் ஐந்து கொசுவலைகளும்

நாய் முதலில் குரைத்தது. பிறகு பல்லைக் காட்டியது.

"டேய், நான்தான்டா," என்றார் பிளோங் மாமா. நாய் இன்னும் இரண்டு அடி முன்னால் வந்து குரைத்தது.

குட்டியாக இருந்தபோது அதற்குச் சோறு ஊட்டியவரே மாமாதான். ஆனால் மூன்று வருடம் கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில் கட்டட வேலை பார்த்துவிட்டு, தாடியும் மஞ்சள் தொப்பியுமாக மொண்டுல்கிரி மலைக்குத் திரும்பி வந்தால் நாய் என்ன செய்யும்? அக்கா மகள் நியேல் அதைப் பிடித்து மரத்தில் கட்டினாள். அவளுக்குப் பதினோரு வயது. வீட்டில் நாய் பயப்படுவது அவளுக்கு மட்டும்தான்.

மறுநாள் மாமா மலைவயலுக்குக் கிளம்பினார். நெல் முற்றிவிட்டது. காட்டுப்பன்றி புகாமல் இருக்க, அறுவடை முடியும்வரை ஆண்கள் வயல் குடிசையில் தூளி கட்டிப் படுப்பார்கள். மாமாவோடு நான்கு நண்பர்கள் போகிறார்கள். கத்தி, உப்பு, மிளகாய், புகையிலை எல்லாம் முதுகுக்கூடையில் ஏறின. கொசுவலை மட்டும் தரையில் கிடந்தது.

"வலையை விட்டுட்டீங்க மாமா."

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு."

"காய்ச்சல் வரும்."

"யாருக்கு, எனக்கா? நான் பொறந்ததே அந்தக் காட்டுல. என் பாட்டன் பூட்டன் எல்லாம் மலேரியாவோட மோதி மோதி உரமேறின ரத்தம் இது. என்னைக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல் வரும்."

நியேலின் அம்மாதான் அந்த ஊரில் மலேரியா பார்ப்பவர். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் விடுவார். ஒரு கோடு தெரிந்தால் கவலையில்லை. இரண்டு தெரிந்தால் மாத்திரை. அன்று ஏதோ கூட்டத்துக்காக அவர் வெளியூர் போயிருந்தார். இருந்திருந்தால் தம்பியின் காதைத் திருகியிருப்பார். நியேலால் அப்படிச் செய்ய முடியாதே.

"ரத்தம் உரமேறினது சரிதான் மாமா. ஆனா ரத்தம் மட்டுமா மாறுது? கிருமியும் கூடவே மாறுதே. உடம்புல இருக்கிற காவலுங்க அதை அடையாளம் கண்டு அடிச்சா, அது வேற சட்டை போட்டுக்கிட்டு வருமாம். காவல் அந்தச் சட்டையையும் கத்துக்கணும். உடனே அது இன்னொண்ணு மாத்தும்."

"கடைசியில யாரு ஜெயிப்பா?"

"இதுவரைக்கும் யாரும் ஜெயிக்கலை. அதனாலதான் இன்னும் நடக்குது."

"என் காவலுக்கு எல்லாச் சட்டையும் தெரியும், போ."

நியேல் மரத்தடியைப் பார்த்தாள். "நீங்க மூணு வருஷமா இங்க இல்லையே மாமா. நம்ம நாய் சோறு ஊட்டின கையையே மறந்துடுச்சு. உள்ள இருக்கிற காவல் மட்டும் ஞாபகம் வச்சிருக்குமா? அதுவும் கிருமி புதுத் தொப்பி போட்டுக்கிட்டு வந்தா?"

நாய் உர்ரென்றது. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "வலை கட்டினா அவனுங்க சிரிப்பானுங்க," என்றார். "நேத்தே 'வாங்க பட்டணத்து ஐயா'ன்னு ஒரே கிண்டல்."

இதுதானா விஷயம்! நியேலுக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொந்த ஊருக்கு வந்தும் விருந்தாளி மாதிரி நிற்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

அவள் உள்ளே ஓடினாள். வயலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அம்மா வைத்திருந்த வலைகளில் நான்கை எடுத்து வந்தாள்.

"இதை உங்க கூட்டாளிங்களுக்குக் குடுங்க மாமா. கட்டுறாங்களான்னு தினமும் பாருங்க. அம்மா வேலைதான். அம்மா இல்லாதப்போ தம்பிதானே பார்க்கணும்?"

மாமாவின் தோள் நிமிர்ந்தது. "ஆமா, அவனுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

"நீங்க கட்டாம அவங்களை மட்டும் கட்டச் சொன்னா…"

"கட்டுறேன், கட்டுறேன்." தரையில் கிடந்த வலையும் கூடைக்குள் போனது.

அறுவடை முடிந்து ஐவரும் மலையிலிருந்து இறங்கினார்கள். அம்மா வரிசையாக விரல்களில் குத்தினார். பாயில் ஐந்து பட்டைகள். நியேல் மாமாவின் பட்டையையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கோடு. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஒரே கோடுதான். மற்ற நான்கிலும் அப்படியே.

"இருட்டினா போதும்க்கா, வலைக்குள்ள போ, வலைக்குள்ள போன்னு உசிரை வாங்கிட்டான்," என்று ஒரு நண்பர் முறையிட்டார்.

"பின்னே? கிருமி சட்டை மாத்துற விஷயத்தை இவனுங்க மண்டையில ஏத்தறதுக்குள்ள நான் பட்ட பாடு," என்றார் மாமா. "எல்லாம் நானே யோசிச்சு எடுத்துச் சொன்னதுதான்க்கா."

அம்மா நியேலைப் பார்த்தார். நியேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாமாவின் தட்டில் புதுநெல் சோறு இன்னும் ஓர் அகப்பை போட்டாள். ஐந்து பேரும் தங்கள் காலாலேயே நடந்து வந்துவிட்டார்கள். பெருமையை மாமாவே வைத்துக்கொள்ளட்டும்.